ஒரே டோஸ்ல டிப்ரஷன் போயிடும், மூளை ரீவயர் ஆயிடும்ங்கறாங்களே, எவ்ளோ நம்பலாம்?

இரவுப்பறவை:
ரொம்ப நாளா சும்மா படிச்சிட்டுப் போறவன், இதுதான் முதல் போஸ்ட். கொஞ்ச நாளா எதத் தொறந்தாலும் சைலோசைபின் நியூஸ்தான் வருது. காளான்ல இருக்கற ஒரு கெமிக்கலாம், ஒரு டோஸ் குடுத்தாங்களாம், வருஷக்கணக்கா இருந்த டிப்ரஷன் போயே போச்சாம், மூளையே ரீவயர் ஆயிடுச்சாம். கூடவே ரெண்டு மூளை படம், ஒண்ணு நீலமா செத்த மாதிரி, இன்னொண்ணு ஆரஞ்சு கலர்ல ஜொலிக்குது. நான் சயின்ஸ் ஆளு கிடையாது, ஆனா படம் இவ்ளோ அழகா இருந்தா எனக்கு சந்தேகம் வரும். இதுல நிஜமா எவ்ளோ இருக்கு, யாராவது பொறுமையா சொல்ல முடியுமா?

ஞானக்கண்:
நண்பா சந்தேகமே வேண்டாம், இது 100% உண்மை. 2016ல லண்டன் இம்பீரியல் காலேஜ்ல கார்ஹார்ட் ஹாரிஸ் டீம் 12 பேருக்கு குடுத்தாங்க, எந்த மாத்திரையும் கேக்காத டிப்ரஷன் கேஸ் எல்லாம், அத்தனை பேருக்கும் ஸ்கோர் இறங்குச்சு. அதே வருஷம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல ரோலண்ட் கிரிஃபித்ஸ் 51 கேன்சர் பேஷண்ட்களுக்கு பண்ணாரு, சாவு பயம் குறைஞ்சது, ஆறு மாசம் கழிச்சும் பெரும்பாலானவங்களுக்கு அப்படியே நின்னுச்சு. இதெல்லாம் 50கள்லயே தெரிஞ்ச விஷயம், எல்எஸ்டிங்கற இதே மாதிரி மருந்த கண்டுபிடிச்ச ஹாஃப்மன் 43ல அத எடுத்துட்டு சைக்கிள்ல வீட்டுக்குப் போன நாள்லேந்து இது ஓடிட்டு இருந்துச்சு, அரசாங்கங்கதான் பயந்து போய் மூடி வச்சாங்க. மருந்து கம்பெனிக்கு தினம் ஒரு மாத்திரை விக்கணும், வாழ்நாள்ல ரெண்டு டோஸ் போதும்னா அவனுக்கு என்ன லாபம் சொல்லுங்க?

சராசரி மனிதன்:
@ஞானக்கண் அண்ணே, 12 பேர், எல்லாருக்கும் மருந்து, ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு குரூப்பே இல்ல, குடுக்கறவங்களுக்கும் தெரியும் வாங்கறவங்களுக்கும் தெரியும். அந்த பேப்பரை எழுதினவங்களே அத ஒரு ஆரம்பக்கட்ட முயற்சின்னுதான் சொன்னாங்க, நீங்க 100%ங்கறீங்க. கம்பெனி லாபம் கதையும் சரியா வரல, ஏன்னா இதுல பெரிய ட்ரையல் நடத்தறதே கம்பெனிங்கதான்.

OPக்கு (கேள்வி கேட்ட இரவுப்பறவைக்கு): பெரிய ட்ரையல்ல என்ன வந்துச்சுன்னு சொல்றேன், மீதிய நீங்களே எடை போட்டுக்கங்க.

2022ல நியூ இங்கிலாந்து மருத்துவ ஜர்னல்ல காம்பஸ் பாத்வேஸ்ங்கற கம்பெனியோட ட்ரையல் வந்துச்சு. 233 பேர், மூணு குரூப், ஒரு குரூப்புக்கு 25 மில்லிகிராம், ஒண்ணுக்கு 10, ஒண்ணுக்கு வெறும் 1. அந்த 1 மில்லிகிராம் கிட்டத்தட்ட டம்மி. 60 மார்க் டிப்ரஷன் ஸ்கேல்ல மூணு வாரம் கழிச்சு 25 குரூப்புக்கு சராசரியா 12 பாயிண்ட் இறங்குச்சு, டம்மி குரூப்புக்கே 5.4 இறங்குச்சு. அப்போ மருந்தோட பங்குன்னு சொல்லக்கூடியது 6.6. கேவலமான நம்பர் இல்ல, வழக்கமான மாத்திரைகளுக்கு ரெண்டு மூணு பாயிண்ட் வித்தியாசம் வர்றதே பெருசு. ஆனா நியூஸ்ல வர்ற "போயே போச்சு" இது இல்ல. 25 குரூப்லயே மூணாவது வாரம் நல்ல பலன் வந்தவங்க 37%, அந்த பலன் 12 வாரம் வரைக்கும் நின்னவங்க 20%. அஞ்சுல ஒருத்தர்.

2025ல அதே கம்பெனியோட மூணாம் கட்ட ட்ரையல் ரிசல்ட் வந்துச்சு, ஆறாவது வாரத்துல பிளாசிபோவவிட (வெத்து மருந்து) 3.6 பாயிண்ட்தான் கூடுதலா இறங்குச்சு. ட்ரையல் பெருசாக ஆக நம்பர் சின்னதாகுது, இந்த ஃபீல்ட்ல நிறைய மருந்துக்கு நடக்கறதுதான்.

மாத்திரைடப்பா:
அஞ்சுல ஒருத்தர்னு நீங்க ஈசியா சொல்றீங்க தம்பி, நாலு மருந்து மாத்திப் பாத்து எதுவும் கேக்காதவங்களுக்கு அஞ்சுல ஒருத்தர்ங்கறது எவ்ளோ பெரிய விஷயம்னு வெளிய இருந்து பாத்தா புரியாது. நான் எஸ்சிட்டலோப்ராம்ங்கற டிப்ரஷன் மாத்திரைல நாலு வருஷமா இருக்கேன். அது என்னைக் காப்பாத்துச்சு, அதுல சந்தேகமே இல்ல, ஆனா அழுகையும் வரல சிரிப்பும் வரல, எல்லாத்துக்கும் நடுவுல ஒரு கண்ணாடி போட்ட மாதிரி. அதனால இந்த நியூஸ் வந்தா நானும் படிக்கறேன், நம்பிக்கைல இல்ல, சும்மா ஒரு ஏக்கத்துல.

சராசரி மனிதன்:
அக்கா, மன்னிச்சிடுங்க, நான் சொன்ன விதம் தப்பு. நீங்க சாப்பிடற மாத்திரையோட நேருக்கு நேர் மோத விட்டே ஒரு ட்ரையல் இருக்கு. 2021, அதே இம்பீரியல் டீம், 59 பேர். ஒரு பாதிக்கு மூணு வார இடைவெளில ரெண்டு தடவ 25 மில்லிகிராம் சைலோசைபின், கூட தினமும் வெத்து மாத்திரை. இன்னொரு பாதிக்கு தினமும் எஸ்சிட்டலோப்ராம், கூட பேருக்கு 1 மில்லிகிராம் சைலோசைபின். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கவுன்சலிங். ஆறு வாரம் கழிச்சு எந்த ஸ்கேல வச்சு அளப்போம்னு முதல்லயே எழுதி வச்சிருந்தாங்களோ அதுல ஒண்ணு 8 பாயிண்ட் இறங்கியிருக்கு இன்னொண்ணு 6, அந்த வித்தியாசத்த புள்ளியியல்படி வித்தியாசம்னு சொல்ல முடியாது. மத்த ஸ்கேல்கள்ல சைலோசைபின் முன்னாடி இருந்துச்சு, டிப்ரஷன்லேந்து வெளிய வந்தவங்க 57%, அந்தப் பக்கம் 28%. இதுல யாருக்கு எது வேணுமோ அத எடுத்துக்கிட்டாங்க, ஒரு பத்திரிகை "சமம்"னு போட்டுச்சு இன்னொண்ணு "டபுள்"னு போட்டுச்சு, ரெண்டும் ஒரே பேப்பர்.

கத்துக்குட்டி:
ஒரு டவுட். பிளாசிபோ குரூப்புக்கு எப்படி தெரியாம இருக்கும்? நமக்கு காளான் குடுத்தா சுவரு மூச்சு விடும், வெத்து மாத்திரை குடுத்தா ஃபேன் சுத்தறத பாத்துட்டு படுத்திருப்போம். இதுல என்ன ரகசியம்?

சராசரி மனிதன்:
கத்துக்குட்டின்னு பேர் வச்சுக்கிட்டு மொத்த ஃபீல்டோட அடிமடிலயே கை வச்சிட்டீங்க. முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கற வேலைதான் இது. யாருக்கு எது போச்சுன்னு ஒரு மணி நேரத்துல பேஷண்ட்டுக்கு தெரிஞ்சிடும், பக்கத்துல உக்காந்திருக்கற தெரபிஸ்ட்டுக்கும் தெரிஞ்சிடும். நிஜ மருந்து கிடைச்சவனுக்கு எதிர்பார்ப்பு எகிறும். இன்னொருத்தனோ பல மாசம் காத்திருந்து, இருந்த மாத்திரையெல்லாம் விட்டுட்டு வந்து, கடைசில டம்மின்னு தெரிஞ்சா உள்ளதும் போச்சுன்னு ஆயிடுவான். அவன் ஸ்கோர் மோசமாறதாலயே மருந்து நல்லா தெரியும். நியூயார்க் யுனிவர்சிட்டில டம்மிக்கு பதிலா நியாசின்ங்கற வைட்டமின் குடுத்துப் பாத்திருக்காங்க, உடம்பு சூடாகி முகம் செவக்கும், ஏதோ ஆகுதுன்னு தோணும். ஆனா எத்தனை நேரம் ஏமாத்த முடியும்?

2024ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, எம்டிஎம்ஏங்கற போதை மருந்த வச்சு செய்யற தெரபிய திருப்பி அனுப்பினப்போ நிபுணர் குழுல பெருசா அடிபட்ட விஷயங்கள்ல இதுவும் ஒண்ணு.

இதுக்கு ஒரு டீம் செம்ம ஐடியா பண்ணாங்க. சைலோசைபின் இல்ல, கீட்டமின்னு டிப்ரஷனுக்கு குடுத்துப் பாக்கற வேற மருந்து, ஆனா பிரச்சனை ஒண்ணுதான். ஸ்டான்ஃபோர்டுல, டிப்ரஷன் இருந்து வேற எதுக்கோ ஆபரேஷனுக்கு வந்த 40 பேர். மயக்க மருந்து குடுத்து முழுசா தூங்கினப்புறம் பாதி பேருக்கு கீட்டமின், பாதி பேருக்கு உப்புத்தண்ணி. தூங்கறவனுக்கு என்ன தெரியும்? ரெண்டு குரூப்புக்குமே டிப்ரஷன் ஸ்கோர் ஏறக்குறைய பாதியா குறைஞ்சது, ரெண்டுக்கும் வித்தியாசம் இல்ல. 2023ல வந்துச்சு. நான் அத படிச்சிட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

ஞானக்கண்:
அப்போ எல்லாம் மனப்பிரமைன்னு முடிச்சிட்டீங்களா சார்? அந்த ஸ்டடிய எதிர்ப்பக்கமும் படிக்கலாமே, ட்ரிப்பை, அதாவது மருந்து காட்டற அந்த மாய அனுபவத்த, அனுபவிக்கத்தான் வேணும், தூங்கிட்டா வேலை செய்யாதுன்னு. கல்யாணத்துக்குப் போய் மண்டபத்துல தூங்கிட்டு வந்த மாதிரி.

சராசரி மனிதன்:
அப்படியும் படிக்கலாம், ஒத்துக்கறேன். மயக்க மருந்தே ஏதாவது செஞ்சிருக்கலாம்னும் படிக்கலாம். ஆனா உப்புத்தண்ணி ஏத்தினவங்க ஏன் தேறினாங்கங்கற கேள்விய உங்க கல்யாண மண்டபம் பதில் சொல்லல.

ஸ்கேன்ரூம்:
லேட்டா வர்றேன். என் வேலை எஃப்எம்ஆர்ஐ (மூளை ஸ்கேன்) டேட்டா அலசறது, சைக்கடெலிக் (சைலோசைபின், எல்எஸ்டி மாதிரி மருந்துங்க) இல்ல, வேற டாபிக். OP அந்த ரெண்டு கலர் படம் பத்தி கேட்டிருந்தார், யாரும் அத தொடல, அதனால நான் தொடறேன், நீளமா போகும், பொறுத்துக்கங்க.

முதல்ல அந்தப் படம் மூளையோட போட்டோ கிடையாது. ஸ்கேனர் அளக்கறது ரத்த ஓட்டத்துல வர்ற மாத்தம், ஒரு இடத்துல நியூரான் வேலை செஞ்சா சில செகண்ட் கழிச்சு அங்க ஆக்ஸிஜன் ஏத்தின ரத்தம் கூட வரும், அத வச்சு நாங்க யூகிக்கிறோம். கலர் நாங்க பூசறது, எந்த எல்லைக்கு மேல ஆரஞ்சுன்னு முடிவு பண்றது நாங்க. சரியா கணக்கு பண்ணலன்னா என்ன ஆகும்னு காட்ட கிரெய்க் பென்னட்னு ஒருத்தர் 2009ல செத்த சால்மன் மீனை ஸ்கேனர்ல வச்சு, அதுக்கு மனுஷங்க படம் காட்டி, இவங்க என்ன ஃபீல் பண்றாங்கன்னு மீன்கிட்ட கேட்டாரு. மீனோட மூளை "வேலை செஞ்சது". சைக்கடெலிக்ல இன்னொரு சிக்கலும் இருக்கு, இதெல்லாம் மூளைல இருக்கற செரட்டோனின்ங்கற கெமிக்கலோட வழியில வேலை செய்யற மருந்து, செரட்டோனின் ரத்தக்குழாயையும் சுருக்கற ஆளு, அப்போ சிக்னல் மாறினா நியூரான் மாறுச்சா குழாய் மாறுச்சான்னு பிரிச்சு சொல்றது கஷ்டம்.

இவ்ளோ சொன்னாலும் இதுல ஒண்ணுமில்லன்னு நான் சொல்ல மாட்டேன், ஏன்னா சில விஷயம் நிஜமாவே பிரமாதம். மூளைல டிஃபால்ட் மோட் நெட்வொர்க்னு ஒண்ணு இருக்கு, 2001ல மார்கஸ் ரெய்ச்சில் டீம் வச்ச பேரு, நாம ஒண்ணும் பண்ணாம சும்மா இருக்கறப்போ ஓடற சமாச்சாரம், நான் யாரு, நேத்து என்ன சொன்னேன், நாளைக்கு என்ன ஆகும்ங்கறது எல்லாம். டிப்ரஷன்ல மனசு செக்குமாடு மாதிரி ஒரே எண்ணத்த சுத்தி வருமே, அதுக்கும் இந்த நெட்வொர்க்குக்கும் தொடர்பு இருக்குன்னு நிறைய பேப்பர் சொல்லுது. 2012ல கார்ஹார்ட் ஹாரிஸும் டேவிட் நட்டும் ஸ்கேனருக்குள்ள படுத்தவங்களுக்கு நரம்பு வழியா சைலோசைபின் ஏத்தினாங்க. இவ்ளோ கலர், இவ்ளோ காட்சின்னா மூளை தீயா எரியும்னு தோணும்ல? சிக்னல் குறைஞ்சது. அதுவும் இந்த நெட்வொர்க்கோட நடு முனையங்கள்ல.

அதுக்கப்புறம் எனக்கு ரொம்பப் பிடிச்சது 2024ல நேச்சர்ல வந்தது, செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் யுனிவர்சிட்டி, சீகல், டோசன்பாக் டீம். வெறும் ஏழு பேர், எல்லாம் ஆரோக்கியமானவங்க, டிப்ரஷன் இல்லாதவங்க, ஆனா ஒவ்வொருத்தரையும் சராசரியா 18 தடவ ஸ்கேன் பண்ணாங்க. மருந்துக்கு முன்னாடி, ட்ரிப் நடக்கறப்போ, அப்புறம் வாரக்கணக்கா. நூறு பேரை ஒரு தடவ எடுக்கறதவிட இது எனக்கு மேல், ஏன்னா அந்த ஆளோட மூளை சாதாரண நாள்ல எவ்ளோ ஆடும்னு தெரிஞ்சாத்தான் மருந்து எவ்ளோ ஆட்டுச்சுன்னு சொல்ல முடியும். ஒப்பிட மெத்தில்ஃபெனிடேட்னு இன்னொரு மருந்தும் குடுத்தாங்க. சைலோசைபின் பண்ண மாத்தம் அதவிட மூணு மடங்குக்கு மேல. ஒண்ணா தாளம் போட்டுட்டு இருந்த பகுதிங்க தாளம் தப்பிப் போச்சு, டிஃபால்ட் மோட்ல அதிகமா. மறுநாள் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துடுச்சு, ஆனா ஒண்ணு மட்டும் வரல, ஹிப்போகேம்பஸுக்கும் (ஞாபகத்துக்கு முக்கியமான பகுதி) டிஃபால்ட் மோடுக்கும் நடுவுல இருந்த இணைப்பு மூணு வாரம் வரைக்கும் தளர்வா இருந்துச்சு. அப்புறம் அதுவும் திரும்பிடுச்சு.

"ரீவயர்"ங்கற வார்த்தை என்னைக் கடுப்பேத்தறது இதனாலதான். இங்க யாரும் வயரைப் பிடுங்கி மாட்டல, கொஞ்ச நாள் தளர்ந்துச்சு, அவ்ளோதான் தெரியும். அந்தத் தளர்வுதான் டிப்ரஷன குறைக்குதாங்கறது வேற கேள்வி, காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதையாவும் இருக்கலாம். டிப்ரஷன் பேஷண்ட்டுங்க மூளைல நெட்வொர்க்குகளுக்கு நடுவுல பேச்சு கூடுதுன்னு 2022ல நேச்சர் மெடிசின்ல வந்தப்போ, கணக்கு போட்ட விதம் சரியில்லன்னு மத்த ஆராய்ச்சியாளர்களே மறுப்பு எழுதினாங்க.

கத்துக்குட்டி:
மீன்கிட்ட கேட்டாரா 😂😂 செத்த மீனுக்கு இருக்கற எம்பதி எங்க மேனேஜருக்கு இல்ல

ஞானக்கண்:
@ஸ்கேன்ரூம் அருமை சார், ஆனா வயரே மாறலன்னு சொல்ல முடியாதே. 2021ல யேல்ல அலெக்ஸ் குவான் லேப்ல எலிக்கு ஒரே ஒரு டோஸ் குடுத்தாங்க, முன்மூளைல நியூரான்ல முளைக்கற அந்த குட்டி முள்ளு மாதிரி சமாச்சாரம் (அடுத்த நியூரானோட இணையற இடம்) 10% கூடுச்சு, ஒரு மாசம் கழிச்சும் அதுல ஒரு பங்கு அப்படியே இருந்துச்சு. இது வயர் இல்லாம என்ன?

ஸ்கேன்ரூம்:
சரியான பாயிண்ட். எலில அது நிஜம், மைக்ரோஸ்கோப்ல கண்ணால பாத்தாங்க. மனுஷன் மண்டையத் தொறந்து பாக்க முடியாது, அதான் பிரச்சனை. அப்புறம் எலிக்கு டிப்ரஷன் இருக்கான்னு யாரு கேட்டா? எலி ட்ரிப்ல இருக்கான்னு கண்டுபிடிக்க அது தலையை எத்தனை தடவ வெடுக்குன்னு ஆட்டுதுன்னு எண்ணுவாங்க, நான் கிண்டல் பண்ணல, அதுதான் ஸ்டாண்டர்ட் டெஸ்ட்.

மருந்து நியூரான் மேல எந்த ரிசெப்டர்ல (கெமிக்கல் வந்து ஒட்டற இடம்) உக்காருதுங்கறதுல மட்டும் சண்டை கம்மி. ட்ரிப்புக்கு காரணம் செரட்டோனின் 2ஏ ரிசெப்டர், 1998லயே சூரிச்ல ஃபோலன்வைடர் டீம் கெட்டான்செரின் குடுத்து அத அடைச்சுட்டு சைலோசைபின் குடுத்தாங்க, ட்ரிப்பே வரல. எல்எஸ்டி ஏன் நாள் பூரா பிடிச்சுக்குதுன்னும் ஒரு அழகான விளக்கம் இருக்கு, 2017ல பிரையன் ராத் லேப்ல 2ஏக்கு நெருங்கின சொந்தமான 2பி ரிசெப்டருக்குள்ள எல்எஸ்டி உக்காந்திருக்கற வடிவத்த எடுத்தாங்க, உள்ள போனதும் ரிசெப்டரோட ஒரு துண்டு மேல மூடி மாதிரி கவுந்துடுது, சீக்கிரம் வெளிய வர முடியல.

இப்போ பந்தயமே ட்ரிப் இல்லாம முள்ளு மட்டும் முளைக்க வைக்க முடியுமான்னுதான். டேவிட் ஓல்சன் லேப்ல 2020ல டேபர்னந்தலாக்னு ஒண்ணு செஞ்சாங்க, எலி தலையும் ஆட்டல, டிப்ரஷன் டெஸ்ட்லயும் தேறுச்சு. அது மனுஷனுக்கும் வேலை செஞ்சா ஞானக்கண் அண்ணனோட கல்யாண மண்டபம் தியரி காலி, கத்துக்குட்டியோட டவுட்டும் காலி.

மாத்திரைடப்பா:
மைக்ரோடோஸிங்னு ஒண்ணு சொல்றாங்களே? ட்ரிப் வராத அளவுக்கு துளியூண்டு. என் கூட வேலை செய்யறவங்க சத்தியம் பண்றாங்க.

சராசரி மனிதன்:
அக்கா அதுக்கு 2021ல ஒரு சூப்பர் ஸ்டடி இருக்கு, இம்பீரியல்ல சிகெட்டி டீம். ஏற்கனவே தாங்களா மைக்ரோடோஸ் எடுக்கறவங்க 191 பேர், அவங்களே வீட்ல கேப்ஸ்யூல் அடைச்சு, க்யூஆர் கோடு ஒட்டின கவர்ல போட்டுக் கலக்கி, எது எதுன்னு தங்களுக்கே தெரியாம பண்ணிக்கிட்டாங்க. நாலு வாரம் கழிச்சு எல்லாருக்கும் மனசு தேவலாம் ஆச்சு, வெத்து கேப்ஸ்யூல் தின்னவங்களுக்கும் அதே அளவு.

நிர்வாகி:
ரெண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. எங்க கிடைக்கும், எவ்ளோ எடுக்கணும்ங்கற பேச்சு இங்க வேண்டாம். ஆராய்ச்சி பத்தி எவ்ளோ வேணா பேசுங்க.

இரவுப்பறவை:
எல்லாருக்கும் நன்றி, ஒவ்வொரு பதிலையும் ரெண்டு தடவ படிச்சேன். நீக்கின பதிவுல ஒண்ணு எனக்கு வந்த பதில்தான். நான் முழுசா சொல்லாம விட்டுட்டேன், சொல்லிடறேன். மாத்திரைடப்பா அக்கா சாப்பிடற அதே மாத்திரைதான் நானும், எட்டு மாசமா. எஸ்எஸ்ஆர்ஐ (இந்த வகை மாத்திரை) சாப்பிட்டா காளான் சரியா வேலை செய்யாது, முதல்ல அத விடணும்னு ஒரு இடத்துல படிச்சேன். மூணு நாளா மாத்திரை எடுக்கல. தலைக்குள்ள அப்பப்போ கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கு, தூக்கம் சுத்தமா இல்ல, இப்பவும் மணி ரெண்டு.

மாத்திரைடப்பா:
தம்பி, அந்த கரண்ட் அடிக்கறது மாத்திரைய பட்டுனு நிறுத்தறதால வர்றது, எனக்கு ஒரு வாரம் ஊருக்குப் போனப்போ டப்பாவ மறந்துட்டு வந்துச்சு, பயந்தே போயிட்டேன். காலைல முதல் வேலையா டாக்டருக்கு போன் பண்ணுங்க, மூணு நாள் விட்டேன்னு அப்படியே சொல்லுங்க, அவங்க திட்ட மாட்டாங்க, திட்டினா வாங்கிக்கங்க. மனசுல வேற மாதிரி எண்ணம் எதாவது வந்தா காலை வரைக்கும் காத்திருக்காதீங்க, வீட்ல யாரையாவது எழுப்புங்க. நான் முழிச்சிட்டுதான் இருக்கேன், இங்க எழுதிட்டே இருங்க.

சராசரி மனிதன்:
அக்கா சொன்னத அப்படியே செய்ங்க பாஸ். நான் நம்பர் நம்பரா கொட்டினேன், இத முதல்லயே சொல்லியிருக்கணும். ட்ரையல்ல மாத்திரைய நிறுத்தறாங்கன்னா வாரக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, கண்காணிச்சு நிறுத்துவாங்க. அங்கயே எல்லாரையும் சேத்துக்கறதும் இல்ல, உங்களுக்கோ நெருங்கின சொந்தத்துலயோ ஸ்கிசோஃப்ரினியாவோ (மனச்சிதைவு) பைபோலாரோ (மனசு சில காலம் உச்சத்துலயும் சில காலம் பாதாளத்துலயும் இருக்கறது) இருந்தா பெரும்பாலான ட்ரையல்ல வாசல்லயே அனுப்பிடுவாங்க. ரெண்டு பேர் பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க. அப்படி இருந்தும் அந்த 233 பேர் ட்ரையல்ல தற்கொலை எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கறதோ எல்லா குரூப்லயும் சிலருக்கு வந்துச்சு.

ஞானக்கண்:
நண்பா நான் பேசின வேகத்துல நீங்க எதுவும் முடிவு பண்ணிடாதீங்க. டாக்டரைப் பாத்துட்டு வந்து இங்க ஒரு வரி போடுங்க ப்ளீஸ்.

இரவுப்பறவை:
நாலு நாள் கழிச்சு வர்றேன், சாரி. அன்னைக்கு காலைலயே போன் பண்ணிட்டேன், மாத்திரை திரும்ப ஆரம்பிச்சாச்சு, கரண்ட் நின்னுடுச்சு, தூக்கம் பாதி வந்திருக்கு. நேத்து நேர்ல போனேன். சைலோசைபின் பத்தி கேட்டேன், அவர் சிரிக்கல, நீங்க சொன்ன 2021 ட்ரையல் அவருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. இந்த மருந்து பத்தலன்னா அடுத்து என்னன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டினார், அஞ்சாறு வழி இருந்துச்சு, நான் ஒண்ணுதான் முயற்சி பண்ணியிருக்கேன். அப்புறம் சராசரி மனிதன் எழுதினது மண்டைல ஓடிட்டே இருந்ததால எங்க பெரிய மாமா பத்தி சொன்னேன். வீட்ல அவரைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க, சில மாசம் தூங்காம ஊரெல்லாம் சுத்துவார், சில மாசம் ரூமை விட்டே வர மாட்டார். டாக்டர் எழுதிட்டு இருந்த பேனாவ கீழ வச்சிட்டார்.

மாத்திரைடப்பா:
என்ன சொன்னார்?

இரவுப்பறவை:
டோஸ் ஏத்தலாம்னு இருந்தாராம், இப்போ ஏத்தல. அம்மாகிட்ட கேட்டு மாமாவுக்கு எந்த வயசுல ஆரம்பிச்சது, என்ன மருந்து குடுத்தாங்கன்னு எழுதிட்டு வரச் சொன்னார். அம்மா போனை எடுத்துட்டு, முதல்ல யாரு சொன்னா உனக்குன்னு கேட்டாங்க. அப்புறம் ஒரு மணி நேரம் பேசினாங்க.